ஆத்தாவுக்கு மாத்திரை

"வாயத் தொறந்தே, பல்லு இருக்காது பாத்துக்க."

மாயாண்டி இப்படி மிரட்டியது ஊரானை இல்லை, பெற்ற மகள் பூரணியைத்தான். அதுவும் விடிந்தும் விடியாமலும், வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிப்பதற்கு முன்னாலேயே. பூரணி அடுப்படியில் குந்தியிருந்தாள். அவள் முன்னால் அம்மாக்கண்ணு ஒரு கையில் தேத்தண்ணீரும் மறு கையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையுமாக நின்றாள். திற என்று தாய் சொல்ல, மூடு என்று தகப்பன் சொல்ல, பதினாறு வயதுப் பெண் எதைக் கேட்பதென்று தெரியாமல் பாதி திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தாள்.

"காப்புக் கட்டியாச்சு," என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "இனிமே மாத்தர கீத்தரயெல்லாம் கூடாது அம்மாக்கண்ணு."

பெரிய கங்காணி கந்தப்பன் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்றார். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் அவர் காலை வைக்க மாட்டார். அதற்குள் இருப்பவர்களின் பிழைப்புக்குள் மட்டும் கேட்காமலே நுழைவார். பொகவந்தலாவைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி அவர்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். துரையும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தார்.

"நேத்து கோயில்ல நாஞ் சொன்னது ஒன் காதுல விழலியா? திருவிழா முடியிற வரைக்கும் காப்புக் கட்டுனவங்க வாயில மருந்து மாத்தர படக் கூடாது. அது யாரா இருந்தாலும் சரி. எம் மகன் செல்லசாமி இந்த வருசம் கரகம் எடுக்கிறான். அவனுக்கும் அதே சட்டந்தான்."

"ஒங்க மகனுக்கு என்னங்க, நல்லாத்தான இருக்காரு. எம்மவ இது இல்லாட்டி விழுந்துருவாளுங்க."

"விழட்டுமே," என்றார் கங்காணி. "அவ விழுறதப் பாக்கத்தான சனம் காத்துக்கிட்டு இருக்கு."

அவர் கையை நீட்டினார். மாயாண்டி தோளில் கிடந்த துண்டை அவசரமாக இடுப்பில் கட்டிக்கொண்டு, தட்டில் இருந்த மாத்திரைப் போத்தலை எடுத்துப் பிரசாதம் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தான். கங்காணி போத்தலை ஒரு தரம் பார்த்தார். இது என்ன மாத்திரை, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அம்மாக்கண்ணுவின் கையில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு மாத்திரைதான். மாயாண்டி கங்காணியின் முதுகுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து அதை மகளின் வாய்க்குள் தள்ளினாள்.

பூரணிமேல் மாரியாத்தா முதல்முதலாக இறங்கியது மூன்று வருஷத்துக்கு முன்னால், நீர் நிறைத்துப் பூச்சூட்டிக் கரகம் பாலிக்க ஆற்றங்கரைக்குப் போன அன்றைக்கு. தப்பும் உடுக்கும் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன. பிள்ளை ஒரு சத்தம் போட்டது, தலை ஒரு பக்கமாகத் திரும்பியது, விழுந்தது. கையும் காலும் இழுத்துக்கொண்டன, வாயில் நுரை தள்ளியது. வேறு நாள் விழுந்திருந்தால் வலிப்பு என்று சொல்லி ஒரு சாவிக்கொத்தைக் கையில் திணித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். கரகத்தன்று விழுந்துவிட்டாளே. முதலில் கையெடுத்துக் கும்பிட்டவர் பெரிய கங்காணி. அப்புறம் யார் சும்மா நிற்பார்கள்? சாவிக்கொத்தும் வந்தது, சூடமும் வந்தது.

மயக்கம் தெளிகிற நேரத்தில் பிள்ளை என்னவோ முனகும். பெற்றவளுக்கே அது புரியாது. கங்காணிக்கு மட்டும் தெள்ளத் தெளிவாகப் புரியும். குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டு, நிமிர்ந்து சனத்துக்குச் சொல்லுவார். முதல் வருஷம் ஆத்தா கிடாய் கேட்டாள். இரண்டாம் வருஷம் கோயிலுக்கு மணி கேட்டாள். மூன்றாம் வருஷம், தொழிலாளர் சங்கம் தோட்டத்துக்குள் நுழைந்து, வேலைக்குப் பேர் பதிவதற்குக் கங்காணியிடம் பல்லைக் காட்ட வேண்டியதில்லை என்று சொல்லத் தொடங்கிய நேரம் பாருங்கள், ஆத்தாவுக்குச் சங்கத்தின்மேல் அப்படி ஒரு கோபம். சந்தா கொடுக்கிறவன் வீட்டில் அம்மை போடுவேன் என்றாளாம். சர்க்கார் ஓட்டுரிமையைப் பிடுங்கிக்கொண்ட சனம், ஊர்ப் பெயரைக் கேட்டால் இந்தியா என்பதா இலங்கை என்பதா என்று விழிக்கிற சனம், ஆத்தாவையும் பகைத்துக்கொண்டு எங்கே போகும்? சங்கத் தலைவர் வீரய்யா தொண்டை கிழியப் பேசிச் சேர்த்த பாதிப் பேர் அந்த ஒரு முனகலில் கழன்றுகொண்டார்கள்.

ஆனால் ஆத்தாவுக்குத் திருவிழா, சாதாரண நாள் என்ற பேதம் தெரியவில்லை. கொழுந்து மலையில் இறங்கினாள், தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் இறங்கினாள், ஒருமுறை கக்கூசிலும் இறங்கினாள். அதற்கும் கங்காணி ஒரு காரணம் வைத்திருந்தார். லயத்தில் சுத்தம் போதாதாம். மாயாண்டிக்கோ யோகம் அடித்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்ப்பு ஏறியிருந்த கை, ஆத்தாவைப் பெற்ற கை ஆகிவிட்டது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிழலான காவல் வேலை கிடைத்தது. திருவிழாவில் முதல் மாலையும் அவனுக்குத்தான்.

போன தை மாதம் பூரணி ரொட்டி சுடும்போது விழுந்தாள். அடுப்புக்குள் கை போய்விட்டது. ஆத்தா இறங்குகிற பிள்ளையை ஆத்தாவே சுடுவாளா என்று அன்றைக்குத்தான் அம்மாக்கண்ணு தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்து மடுவத்துக்கு ஓடினாள்.

மருந்து மடுவத்தில் இருந்தவர் இக்னேசியஸ். மருந்து கலக்கிக் கொடுப்பவர்தான், தோட்டம் அவரை டாக்டரையா ஆக்கி வைத்திருந்தது. நல்ல மனுஷர். பயந்த மனுஷரும்கூட. துரைக்குப் பயம், கங்காணிக்குப் பயம், இடி இடித்தால் மாதாவைக் கூப்பிடுவார். கைக்கு மருந்து போட்டுவிட்டு விசாரித்தார்.

"எத்தன வருசமா இப்புடி வருது?"

"ஆத்தா வர்றதுங்களா?"

"ஆத்தா வர்றதக் கோயில்ல கேக்கணும். நான் வலிப்பக் கேக்குறேன்." சுற்றிலும் ஒரு தரம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இது மூளையில வர்ற நோவு. மாத்தர குடுத்தா அடங்கியிருக்கும். ஆனா நாள் தவறாமக் குடுக்கணும். நல்லாயிட்டாளேன்னு ஒன் இஷ்டத்துக்குத் திடீர்னு நிப்பாட்டினா முன்ன விட மோசமா வரும். வந்தது நிக்காமப் போனா உசுருக்கே மோசம். இந்தத் தோட்டத்துல ரெண்டு பேருக்குத்தான் இந்த மாத்தர..."

சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டாவது ஆள் யாரென்று அம்மாக்கண்ணு கேட்கவில்லை. அவளுக்கு அவள் கவலை.

அன்றிலிருந்து ஆத்தாவின் வரத்துக் குறைந்தது. அப்புறம் நின்றே போனது. கொஞ்சம் தூக்கக் கலக்கம், அவ்வளவுதான். பூரணி பேர் பதிந்து கொழுந்துக் கூடை கட்டினாள். சிநேகிதிகளோடு சிரித்துக்கொண்டு மலைக்குப் போனாள். மகள் சிரிப்பதைப் பார்த்தே நாளாகிவிட்டது என்று அம்மாக்கண்ணுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

கங்காணி போத்தலைக் கொண்டுபோன அன்று மத்தியானம் மலையிலிருந்து இறங்கும்போது பூரணி சொன்னாள்:

"அம்மா, ஆத்தா வந்தா எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. முழிச்சுப் பாத்தா நாக்கு கடிபட்டிருக்கு, பாவாட நனஞ்சிருக்கு. சுத்தி நின்னு எல்லாரும் கும்புடுறாங்க. ஈரப் பாவாடையோட எந்திரிக்கக்கூட முடியல. எனக்கு வேணாம்மா."

அதற்குப் பிறகு அம்மாக்கண்ணுவுக்கு யாரிடமும் யோசனை கேட்க வேண்டியிருக்கவில்லை. கூடையைக்கூட இறக்காமல் மருந்து மடுவத்துக்குப் போனாள்.

இக்னேசியஸ் கதவைப் பாதிதான் திறந்தார். "கங்காணி சொல்லி விட்டுட்டாரும்மா. திருவிழா முடிஞ்சு வா."

"நிப்பாட்டினா உசுருக்கு மோசம்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன்தான். நானும் இந்தத் தோட்டத்துலதான இருக்கணும்."

"அப்ப அந்த ரெண்டாவது ஆளுக்கும் நிப்பாட்டிட்டீங்களா ஐயா?"

சும்மா கேட்டாள், வேறு எதுவும் தெரிந்து கேட்கவில்லை. ஆனால் இக்னேசியஸின் முகம் வெளிறிப்போனது. "யார் சொன்னா ஒனக்கு? நான் சொல்லல. நான் யார்கிட்டயும் சொல்லல," என்றார். மளமளவென்று மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து அவள் கையில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

இவ்வளவு பயம் எதற்கு என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. மாத்திரையை எங்கே ஒளிப்பது என்பதுதான் பெரிய யோசனை. கடைசியில் மாயாண்டி சத்தியமாகக் கைவைக்காத இடம் ஒன்று கிடைத்தது. சாமி படத்துக்குக் கீழே தொங்கிய திருநீற்றுப் பை. விரதம் இருக்கும் மகளுக்கு அம்மாக்கண்ணு ராத்திரிதோறும் பக்தியோடு திருநீறு பூசி, தீர்த்தம் கொடுத்தாள். தீர்த்தத்தோடு மாத்திரையும் உள்ளே போனது. மாயாண்டி பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். பெண்டாட்டிக்கு இப்போதுதான் புத்தி வந்தது என்று லயமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

திருவிழாவன்று மாரியம்மன் கோயில் முன்றலில் தோட்டமே கூடிவிட்டது. ராகலையிலிருந்து கங்காணிக்குச் சம்பந்தியாக வரப்போகிறவரும் குடும்பத்தோடு வந்திருந்தார். அவரும் ஒரு பெரிய கங்காணிதான். அவர் மகளைச் செல்லசாமிக்குப் பேசியிருந்தார்கள். கந்தப்பன் அவரை நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார வைத்து, மகன் கரகத்தோடு நிற்கும் அழகைக் காட்டினார்.

அழகுதான். ஹட்டனில் படித்த பையன். ஆனால் காப்புக் கட்டிய நாளிலிருந்து கோயிலிலேயே படுக்கை, பக்கத்தில் பூசாரி, கோயில் வாசலில் எந்நேரமும் சனம். சரியான சாப்பாடில்லை, தூக்கமில்லை. கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போயிருந்தது. அடிக்கடி தகப்பனைத் திரும்பிப் பார்த்தான். தகப்பன் சம்பந்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பூரணியை மஞ்சள் சேலை கட்டி, கழுத்தில் வேப்பிலை மாலை போட்டு நடுவில் நிறுத்தினார்கள். தப்பு முழங்கியது. உடுக்கு அழைத்தது. சாம்பிராணிப் புகையில் முன்னால் நின்றவர்களுக்கு இருமல் வந்தது, ஆத்தா வரவில்லை.

"எறங்கு தாயே," என்றார் கங்காணி.

பூரணி நின்றாள்.

"புள்ளைங்க மேல என்ன கோவம்? எறங்கி வந்து வாக்குச் சொல்லு தாயே."

அத்தனை சனத்துக்கும் முன்னால் பூரணி வாய் நிறைய ஒரு கொட்டாவி விட்டாள்.

பின்வரிசையில் வீரய்யாவின் ஆட்கள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கங்காணிக்குத் தலைப்பாகைக்குக் கீழே வேர்த்துக் கொட்டியது. "அடிங்கடா, இன்னும் பலமா அடிங்க," என்று தப்புக்காரர்கள்மேல் பாய்ந்தார். அவர்களும் கை ஓய அடித்தார்கள். அம்மாக்கண்ணு கூட்டத்தின் ஓரத்தில் நின்று மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருநீற்றுப் பை அவள் மடியில் இருந்தது. மாத்திரையே, காப்பாத்து என்று வேண்டிக்கொண்டாள். யாரிடம் வேண்டுகிறோம் என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அம்மாக்கண்ணுவுக்குத் தெரிந்த சத்தம். மகளைப் பார்த்தாள். பூரணி அசையாமல் நின்றாள். சத்தம் வந்தது கரகத்துக்குக் கீழே இருந்து. செல்லசாமியின் தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. கரகம் சரிந்தது, பூவும் தண்ணீருமாகச் சிதறியது. பெரிய கங்காணியின் ஒரே மகன் சம்பந்தியின் காலடியில் விழுந்து துடித்தான்.

"ஆத்தா வந்துட்டா," என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "கங்காணி வீட்டுலயே எறங்கிட்டா பாத்தியா?"

யாரோ சாவிக்கொத்தைத் திணித்தார்கள். யாரோ வேப்பிலையால் முகத்தில் அடித்தார்கள். சூடத்தட்டைப் பையனின் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தான் மாயாண்டி.

"வெலகுங்கடா," என்று கங்காணி அலறினார். "அடிக்காதீங்க. தீய எடு, தீய எடு. டாக்டரக் கூப்பிடுங்கடா."

மாயாண்டி அவரைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தான். "ஆத்தா வந்திருக்கயில டாக்டரு எதுக்குங்க?" என்றான். பாவம், அவன் கேலி செய்யவில்லை. இவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் திருப்பிச் சொன்னான்.

வீரய்யா மெல்ல முன்னால் வந்தார். பையனின் வாயருகில் பணிவாகக் குனிந்து காதைக் கொடுத்தார். நிமிர்ந்தார். "கேட்டுக்கங்க சனங்களே. சங்கத்துக்குச் சந்தா குடுக்காதவங்க மேல ஆத்தாவுக்கு ரொம்ப வருத்தமாம்."

அம்மாக்கண்ணுவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தோட்டத்துல ரெண்டு பேருக்குத்தான் என்று அன்றைக்கு நாக்கைக் கடித்த டாக்டரையா இப்போது புரிந்தார். போத்தலைப் பார்த்தும் என்னவென்று கேட்காத கங்காணியும் புரிந்தார். அடப்பாவி, தன் மகனுக்கு வந்தால் நோவென்று கமுக்கமாக வைத்தியம், என் மகளுக்கு வந்தால் ஊர் கூட்டிச் சூடமா? ஆனாலும் கீழே கிடந்து துடிப்பது ஒரு பிள்ளை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். சூடத்தட்டை எட்டித் தள்ளினாள், சாவிக்கொத்தை வீசினாள். பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நுரையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கியது.

கங்காணி பக்கத்தில் குனிந்தார். சம்பந்திக்குக் கேட்காத குரலில், "வச்சிருக்கியா?" என்றார்.

"எதக் கேக்குறீங்க?"

"அதான்... ஒன் மகளுக்குக் குடுப்பியே. அந்தப் போத்தல் வீட்டுல கெடக்கு."

"அது எந்த நோவுக்குன்னு சத்தமாச் சொல்லிக் கேளுங்க, தர்றேன். இவரு முழிக்கிற வரைக்கும் வாயில எதுவும் குடுக்கக் கூடாது. அதனால ஒங்களுக்கு நேரம் இருக்கு."

கங்காணி மகனைப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்து நின்ற ராகலைச் சம்பந்தியைப் பார்த்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து, சனத்தின் பக்கம் திரும்பினார்.

"ஆத்தாதான் வந்திருக்கா," என்றார். "தேங்காய ஒடைங்க."

தேங்காய்கள் உடைந்தன. அந்தச் சத்தத்தில் செல்லசாமி கண்ணைத் திறந்தான். தன்னைக் கும்பிட்டு நிற்கும் கைகளைப் பார்த்தான். ஈர வேட்டியைத் தடவிப் பார்த்தான். அவன் முகத்தில் ஓடியதைப் பூரணி மட்டும் புரிந்துகொண்டாள். தன் மஞ்சள் சேலையின் மேலே கட்டியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து அவன் இடுப்பில் போர்த்திவிட்டாள்.

செல்லசாமி அம்மாக்கண்ணுவின் கையைப் பிடித்தான். "அக்கா," என்றான். கங்காணி வீட்டார் லயத்துப் பொம்பளையை அக்கா என்று கூப்பிட்டு அந்தத் தோட்டம் கேட்டதில்லை. "எனக்கு மாத்தர குடுங்கக்கா. நாலஞ்சு நாளாப் போடலக்கா."

ஆத்தாவின் வாக்கு இத்தனை தெளிவாக அதுவரை வந்ததே இல்லை. காதைக் கொடுத்துக் கேட்டு எடுத்துச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை.

ஆனாலும் கங்காணி கங்காணிதான். "கேட்டீங்களா?" என்றார். "ஆத்தா மாத்தர கேக்குறா. குடு அம்மாக்கண்ணு, ஆத்தா கேட்டதக் குடு."

கூட்டம் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அம்மாக்கண்ணு திருநீற்றுப் பையைப் பிரித்தாள். செல்லசாமிக்கு ஒன்று கொடுத்தாள். ராத்திரிக்கு என்று வைத்திருந்ததை எடுத்து, எல்லார் கண்ணுக்கும் தெரிய மகள் கையில் கொடுத்தாள். பூரணி அதை வாயில் போட்டு, தீர்த்தச் சொம்பில் இருந்த தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டு விழுங்கினாள்.

அதற்குப் பிறகு பூரணி மாத்திரை போடுவதற்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. எப்படி நிற்பார்கள், ஆத்தாவே கேட்டு வாங்கியதாயிற்றே. இக்னேசியஸ் பாடுதான் திண்டாட்டம். தலைவலிக்கும் சளித் தடிமனுக்கும் ஆத்தா மாத்திரை கொடு என்று சனம் வந்து நின்றது. அவர் மாத்திரை டப்பாவைப் பூட்டிச் சாவியைச் சட்டைக்குள் சிலுவையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். ராகலைப் பெண்ணையும் செல்லசாமிக்கே கட்டி வைத்தார்கள். மாப்பிள்ளைக்குச் சாமி வரும் என்றுதான் அவர்களிடம் சொன்னார்களாம். அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மருமகள் வந்த மறுநாளே அம்மாக்கண்ணு கங்காணி வீட்டுப் பின்கதவால் போய், வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பது எப்படி என்று அவளுக்குக் காட்டிவிட்டு வந்தாள்.

மாயாண்டிதான் எல்லாரையும் மிஞ்சிவிட்டான். பல்லை உடைப்பேன் என்றவன் இப்போது மாலையில் குளித்து, மாத்திரையைச் சாமி படத்துக்கு முன்னால் வெற்றிலையில் வைத்து, திருநீறு தூவி, சூடம் காட்டிவிட்டுத்தான் கொடுப்பான்.

"ஆத்தா பிரசாதம், வாயத் தொற தாயி," என்றான் ஒரு நாள்.

பூரணி தாயைப் பார்த்தாள். அம்மாக்கண்ணு எழுந்து வந்தாள். வெற்றிலையிலிருந்த மாத்திரையை எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த திருநீற்றை முந்தானையால் நன்றாகத் துடைத்தாள்.

"இது பிரசாதம் இல்லடி. வலிப்பு மாத்தர," என்று மகளிடம் கொடுத்தாள். "நாளைக்கும் போடணும்."